மில்லிலிட்டருக்கு ஐந்து சென்னா, மூன்று ரிங்கிட்டா?

மாணவர்களே, ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம்.

பேரங்காடியில் இருக்கும் மருந்தகம் ஒன்றுக்குள் நுழைகிறீர்கள். கீழ்த்தட்டில் பெரிய புட்டிகளில் உடல் லோஷன் அடுக்கியிருக்கிறது. 500 மில்லிலிட்டர் 25 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு நேரான தட்டில், விளக்கு வெளிச்சத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடிச் சாடி ஒன்று மின்னுகிறது. 50 மில்லிலிட்டர் 150 ரிங்கிட். இரண்டும் சொல்லும் வேலை ஒன்றுதான்: வறண்ட தோலுக்கு ஈரப்பதம் தருவது.

முதலாவது மில்லிலிட்டருக்கு 5 சென். இரண்டாவது மில்லிலிட்டருக்கு 3 ரிங்கிட். அறுபது மடங்கு வித்தியாசம். அப்படியென்றால் சாடியில் இருப்பது அறுபது மடங்கு நன்றாக வேலை செய்ய வேண்டும், இல்லையா? அறுபது வேண்டாம், இரண்டு மடங்காவது?

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிடாமல் காசு சேர்த்து அந்தச் சின்னச் சாடியை வாங்கும் மாணவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. இணையக் காணொளிகள் நாள் முழுதும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னால் பெரியவர்களே நம்பிவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை காணத் தேவையான அறிவியல் உங்கள் பாடநூலிலேயே பெரும்பாலும் இருக்கிறது.

தோல் ஏன் வறண்டு போகிறது?

உங்கள் புறங்கையைத் தொட்டுப் பாருங்கள். விரல் தொடுவது உயிருள்ள எதையும் அல்ல. மேல்தோலின் கடைசி அடுக்கு முழுவதும் இறந்த செல்களால் ஆனது. உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் வரைதான். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. நம் உடலின் நீர் வெளியே போய்விடாமலும் வெளியே உள்ள கிருமிகள் உள்ளே வராமலும் காப்பது இந்த மெல்லிய படலம்தான்.

அதைச் செங்கல் சுவராகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கெரட்டின் என்ற புரதம் நிறைந்த தட்டையான இறந்த செல்கள் செங்கற்கள். செங்கற்களுக்கு இடையில் உள்ள சிமெண்டுக் கலவை கொழுப்பு. அந்தக் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி செராமைடு, கால்பங்கு கொலஸ்டிரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். (கொலஸ்டிரால் என்றாலே இதயத்துக்கு ஆகாதது என்று மட்டும் நினைப்பவர்கள் கவனிக்க. அது இல்லாவிட்டால் நம் தோல் ஓட்டைக் கூரையாகிவிடும்.) செங்கற்களுக்குள்ளே அமினோ அமிலம், யூரியா, லாக்டேட் போன்ற சிறு மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

கலவை கரைந்துவிட்டால் நீர் ஆவியாகி வெளியேறும். செங்கல் காய்ந்து சுருங்கும், ஓரம் தூக்கிக்கொள்ளும். அதைத்தான் வெள்ளைச் செதிலாக முழங்காலுக்குக் கீழே பார்க்கிறோம்.

வறண்ட தோலுக்கு எண்ணெய் இல்லாததுதான் காரணம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 1952இல் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் மிக எளிமையான ஒரு சோதனையை வெளியிட்டார். காலில் காய்த்துப்போன தடித்த தோல் துண்டுகளை எடுத்து உலர்த்தினார். அவை நொறுங்கும் அளவுக்கு விறைத்துப்போயின. பிறகு அவற்றை எண்ணெய் வகைகளில் ஊறவைத்தார். எவ்வளவு நேரம் ஊறினாலும் விறைப்பு போகவில்லை. நீரில் போட்டதும் மென்மையாகிவிட்டன. தோலை மென்மையாக்குவது எண்ணெயல்ல, நீர். அந்த நீரின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் தோல் வறண்டு வெடிக்கத் தொடங்குகிறது.

அப்படியானால் எண்ணெய் எதற்கு? நீர் தப்பிப் போகாமல் மூடி வைப்பதற்கு. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் கடையில் உள்ள எல்லாக் கிரீம்களையும் பாதி புரிந்துகொண்ட மாதிரி.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். மலேசியாவில் காற்றே ஈரமாகத்தானே இருக்கிறது, நமக்கு ஏன் தோல் வறள்கிறது? வெளியில் ஈரம்தான். ஆனால் குளிர்சாதன அறையில் அப்படியல்ல. குளிரூட்டியின் குழாயிலிருந்து வெளியே சொட்டுச் சொட்டாக நீர் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அறைக் காற்றில் இருந்த நீராவிதான். குளிர்ந்த சுருளில் பட்டு ஒடுங்கி நீராகிறது. இரவு முழுவதும் உங்கள் அறைக் காற்றைப் பிழிந்து வாளியில் விடுகிறது அந்த இயந்திரம். காற்று உலர உலர, தோலிலிருந்து ஆவியாதல் வேகமாகும். இதோடு சூடான நீரில் அரை மணி நேரக் குளியலும், பி.எச். மதிப்பு 9 அல்லது 10 வரை இருக்கும் சோப்பும் சேர்ந்தால் கலவைக் கொழுப்பு போயே போய்விடும். தோலின் இயல்பான பி.எச். 5க்குப் பக்கத்தில், இலேசான அமிலம்.

வேலை செய்யும் பொருள்கள் எவை?

ஈரப்பதமூட்டி எவ்வளவு விலையானாலும் அதற்குள் மூன்று வகைப் பொருள்கள்தான் வேலை செய்கின்றன. ஒன்று நீரை ஈர்த்துப் பிடிப்பது. இன்னொன்று மேலே மூடி போடுவது. மூன்றாவது, தூக்கிக்கொண்டிருக்கும் செதில்களுக்கு இடையே புகுந்து வழவழப்பாக்குவது. மற்றதெல்லாம் இவற்றை ஒன்றாகக் கலந்து, கெடாமல் வைத்து, மணமூட்டி, புட்டியில் அடைக்கும் ஏற்பாடு.

நீரை ஈர்ப்பதில் முதலிடம் கிளிசரினுக்கு. 1779இல் சுவீடனின் வேதியியலாளர் கார்ல் ஷீலே ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு சேர்த்துச் சூடாக்கியபோது இனிப்பான, பிசுபிசுப்பான ஒரு திரவத்தைக் கண்டார். அதுதான் கிளிசரின். மூன்றே மூன்று கார்பன் அணுக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. அந்த மூன்றும் நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கின்றன. நீரைப் பிடித்துக்கொள்ளும் இரகசியம் அவ்வளவுதான்.

இந்தக் கிளிசரின் எங்கிருந்து வருகிறது? படிவம் ஐந்து மாணவர்கள் வேதியியலில் சோப்பாதல் வினை படித்திருப்பீர்கள். கொழுப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு வினைபுரிந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். நம் நாட்டுச் செம்பனை எண்ணெயிலிருந்து சோப்பு, கொழுப்பு அமிலம், பயோடீசல் எதைத் தயாரித்தாலும் பக்கத்தில் கிளிசரின் வந்துகொண்டே இருக்கும். பயோடீசல் தயாரிப்பில் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கிளிசரின்தான். நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கிய அதே செம்பனையின் ஒரு துளி, இன்று ஐரோப்பியப் பெயர் ஒட்டிய சாடிக்குள் உட்கார்ந்துகொண்டு நம்மையே விலை கேட்கலாம். மலிவான பொருள் அது. மலிவாக இருப்பதால் மட்டமானது என்று ஆகிவிடாது.

மூடி போடுவதில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை. 1859இல் அமெரிக்காவின் டைட்டஸ்வில் என்ற ஊரில் எண்ணெய்க் கிணறு தோண்டியபோது இறைப்புக் கம்பிகளில் மெழுகு மாதிரி ஒரு பசை ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தது. தொழிலாளர்கள் அதைத் தங்கள் வெட்டுக்காயத்திலும் தீக்காயத்திலும் தடவிக்கொண்டார்கள். இதைக் கவனித்த இளம் வேதியியலாளர் இராபர்ட் செஸ்பரோ அந்தப் பசையைத் தூய்மைப்படுத்தி, 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். தினமும் ஒரு கரண்டி வாசலின் சாப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டவர் அவர். 96 வயதுவரை வாழ்ந்தார். நீங்கள் தயவுசெய்து தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜெல்லி பிசுபிசுக்கும், சட்டையில் ஒட்டும். நம் வெயிலில் யார் அதை உடல் முழுக்கப் பூசிக்கொள்வார்கள்? அதனால்தான் லோஷன் பிறந்தது. எண்ணெயும் நீரும் கலக்காது. பால்மமாக்கி என்ற பொருளைச் சேர்த்தால் எண்ணெய் நுண்துளிகளாகி நீரில் மிதக்கும். லோஷனில் நீர் அதிகம், கிரீமில் எண்ணெய்ப் பங்கு அதிகம், களிம்பில் பெரும்பாலும் எண்ணெய் மட்டுமே. பூசியதும் நீர் ஆவியாகி, எண்ணெயும் கிளிசரினும் தோலில் தங்கிவிடும்.

யூரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வயலுக்குப் போடும் அதே யூரியாதான். 1828இல் வோலர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டி வேதியியலின் வரலாற்றையே திருப்பிய மூலக்கூறு அது. நம் தோலிலும் இயல்பாகவே இருக்கிறது. குறைந்த அளவில் நீரைப் பிடிக்கும். 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் தடித்த இறந்த தோலை இளக்கவும் செய்யும். உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால், அழகிய சாடியைவிட மருந்தகத்தில் கிடைக்கும் யூரியா கிரீம் நிச்சயம் உருப்படியான பரிசு.

லேபிளைப் படிப்பது எப்படி?

இப்போது 150 ரிங்கிட் சாடியைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் பொருள் பட்டியல் இருக்கும். ஆசியான் நாடுகளின் பொது விதிப்படி, பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுத வேண்டும். முதலில் பெரும்பாலும் அக்வா என்று இருக்கும். பயப்படாதீர்கள், அது இலத்தீன் மொழியில் நீர். அடுத்த நான்கைந்து பெயர்களில் கிளிசரின், ஏதாவது எண்ணெய், பால்மமாக்கி இருக்கும். இனி 25 ரிங்கிட் புட்டியை எடுத்து அதன் முதல் ஐந்து பெயர்களைப் பாருங்கள். பல நேரங்களில் இரண்டு பட்டியல்களும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி இருக்கும்.

சரி, விளம்பரத்தில் பெரிதாகச் சொன்ன தங்கத் துகள், முத்துச் சாறு, அரிய மலரின் வேர் எல்லாம் எங்கே? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1 விழுக்காட்டுக்குக் குறைவான பொருள்களை எந்த வரிசையிலும் எழுதலாம் என்று அதே விதி அனுமதிக்கிறது. அந்த ஒரு விழுக்காட்டுக் கோடு எங்கே விழுகிறது என்று லேபிள் சொல்லாது. ஆனால் நாம் ஊகிக்கலாம். ஃபீனாக்ஸியெத்தனால் என்ற பாதுகாப்புப் பொருளைப் பல கிரீம்களில் சேர்க்கிறார்கள். அதைச் சேர்க்க அனுமதித்த உச்ச அளவே 1 விழுக்காடுதான். ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் வருபவை எல்லாம் ஒரு விழுக்காடோ அதற்கும் குறைவோதான். 50 கிராம் சாடியில் அரை கிராம்கூடத் தாண்டாது. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தில் ராஜாவாக இருக்கும் பொருள் பின்பக்கத்தில் வால்பகுதியில் நிற்பதைக் காண்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. சில பொருள்கள் ஒரு விழுக்காட்டுக்குக் குறைவாகவும் நன்றாக வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை நிறுவ வேண்டியது விற்பவர் பொறுப்பு.

அடுத்து கொலாஜன். தோலுக்கு உறுதி தரும் புரதம் அது. வயதானால் குறையும். அதனால் கொலாஜன் கிரீமைப் பூசினால் நிரம்பிவிடும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலக்கூறின் அளவைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் போஸ், மெய்னார்டி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விதியை முன்வைத்தார்கள்: சார்பு மூலக்கூறு நிறை 500ஐத் தாண்டினால் அந்தப் பொருள் நல்ல நிலையில் உள்ள தோலைக் கடந்து உள்ளே போவது மிகக் கடினம். நீரின் மதிப்பு 18. யூரியா 60. கிளிசரின் 92. கொலாஜன்? ஏறக்குறைய 300,000. சாவித் துவாரம் வழியாக லாரி நுழையப் பார்க்கிறது! கிரீமில் உள்ள கொலாஜன் மேலேயே உட்கார்ந்து கொஞ்சம் நீரைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையைக் கிளிசரின் 5 சென்னுக்குச் செய்துவிடும்.

“சோதனையில் நிறுவப்பட்டது”, “72 மணி நேர ஈரப்பதம்” என்ற வாசகங்களையும் பார்ப்பீர்கள். அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எதோடு ஒப்பிட்டார்கள்? எதுவுமே பூசாத தோலோடு ஒப்பிட்டால் எந்த லோஷனும் வெற்றி பெறும். மலிவான லோஷனோடு ஒப்பிட்டார்களா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அந்தச் சோதனையை நடத்திக் காட்ட விலை உயர்ந்த கிரீம் விற்பவருக்கு என்ன அவசரம்?

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டது என்ன?

விளம்பரத்துக்காக இல்லாமல் நோயாளிகளுக்காக நடந்த ஆய்வுகள் இருக்கின்றன. தோலழற்சி, அதாவது எக்சிமா உள்ள குழந்தைகளுக்கு எந்த ஈரப்பதமூட்டி சிறந்தது என்று பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2022இல் வெளிவந்தது. ஆறு மாதக் குழந்தை முதல் 12 வயதுவரை 550 பேர். லோஷன், கிரீம், ஜெல், களிம்பு என நான்கு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 16 வாரம் கழித்துப் பார்த்தால் நான்கு குழுக்களுக்கும் நோயின் கடுமையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சிலருக்கு ஒன்று பிடித்தது, சிலருக்கு இன்னொன்று. பிடித்ததைத் தொடர்ந்து பூசுவதுதான் முக்கியம் என்பதே ஆய்வாளர்கள் சொன்னதன் சாரம். இந்த ஆய்வு வகைகளை ஒப்பிட்டது, விலையை அல்ல. ஆனாலும் நோயுற்ற தோலுக்கே வகை பெரிய மாற்றம் செய்யவில்லை என்றால், ஆரோக்கியமான பதினைந்து வயதுத் தோலுக்குச் சாடியின் விலை என்ன செய்துவிடும்?

நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு நல்ல சேதி உண்டு. பிலிப்பைன்ஸில் 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் வறண்ட தோல் உள்ள 34 பேருக்கு, சிலருக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெயும் சிலருக்குக் கனிம எண்ணெயும் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி பலன் தந்தன. பாட்டி சொன்னது சரிதான். ஆனால் இதைப் படித்துவிட்டு முகத்தில் அப்பிக்கொள்ள வேண்டாம். பரு வரும் வயது உங்களுடையது. தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைத்துப் பருவை அதிகமாக்கக்கூடும். கை காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லா இயற்கை எண்ணெயும் நல்லது என்றும் எண்ண வேண்டாம். ஆலிவ் எண்ணெய் அந்தச் சிமெண்டுக் கொழுப்பைக் கலைத்துத் தடுப்புச் சுவரைப் பலவீனப்படுத்துகிறது என்று 2013இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இன்னொரு கணக்கு. மருத்துவர்கள் களிம்பின் அளவை விரல்நுனி அலகு என்ற முறையில் சொல்வார்கள். சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கி வைத்தால் ஏறத்தாழ அரை கிராம். பெரியவர் ஒருவரின் உடல் முழுவதும் ஒருமுறை பூச ஏறத்தாழ 40 அலகு, அதாவது 20 கிராம் வேண்டும். 50 கிராம் சாடி இரண்டரை முறைக்குத்தான் வரும்! யாராவது அப்படிப் பூசுவார்களா? விலையை நினைத்து மிளகளவு எடுத்து ஒற்றிக்கொள்வார்கள். போதிய அளவு பூசாத விலையுயர்ந்த கிரீம், தாராளமாகப் பூசிய மலிவு லோஷனிடம் தோற்றுப்போகும்.

காசு மட்டும் போவதில்லை

இதுவரை பேசியது பணம் வீணாவதைப் பற்றி. இனிச் சொல்லப்போவது அதைவிடக் கவலையானது.

நம் சமுதாயத்தில் கறுப்பு நிறத்தைக் குறையாகப் பேசும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கல்யாண வீட்டில் ஒரு வார்த்தை, வகுப்பில் ஒரு பட்டப்பெயர் போதும். பிள்ளைகள் கைப்பேசியில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஏழே நாளில் வெளுக்கும் என்று நேரலையில் விற்கும் கிரீம் கண்ணில் படுகிறது. சில நேரங்களில் அது உண்மையாகவே வெளுக்கவும் செய்யும். அங்கேதான் ஆபத்து.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உருவாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரச உப்புகள் அந்த நொதியை முடக்கிவிடும். அதனால் நிறம் குறையும். ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தில் சேர்ந்து அதைச் சேதப்படுத்துகிறது. நரம்பு மண்டலத்தையும் தாக்குகிறது. பூசியவரின் துண்டு, தலையணை உறை வழியாக வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் அது பரவக்கூடும். முகம் வீங்குவது, கை நடுங்குவது, தூக்கம் கெடுவது, சிறுநீர் நுரைப்பது போன்றவை தோன்றினால், பூசும் கிரீமையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். இதை மறைப்பதற்கு வெட்கப்பட எதுவுமில்லை. சிறுநீர், இரத்தப் பரிசோதனையில் பாதரசம் தெரிந்துவிடும்.

பாதரசத்தோடு நிற்கவில்லை. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் போன்றவை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய மருந்துகள். இவற்றைக் கள்ளத்தனமாகக் கலந்த அழகுப் பொருள்களின் பெயர்களை நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை அவ்வப்போது வெளியிட்டு, அவற்றின் அறிவிக்கையை இரத்து செய்துவருகிறது. பீட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. பூசிய சில நாளில் முகம் பளபளக்கும், சிவப்பு அடங்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியும். நிறுத்தினால் பழையதைவிட மோசமாகச் சிவந்து எரியும். பயந்துபோய் மறுபடியும் அதையே பூசுவார்கள். விற்பவருக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைத்துவிடுவார்.

மலேசியாவில் சட்டப்படி விற்கும் ஒவ்வோர் அழகுப் பொருளும் அந்த முகமையிடம் அறிவிக்கை செய்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் என், ஓ, டி என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கி, எண்கள் வந்து, கே என்ற எழுத்தில் முடியும் குறியீடு அது. முகமையின் இணையத்தளத்தில் அந்த எண்ணையோ பொருளின் பெயரையோ தட்டித் தேடலாம். அரை நிமிட வேலை. சிங்கப்பூரில் இருப்பவர்கள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் எச்சரிக்கைகளைப் பார்க்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: அறிவிக்கை எண் இருப்பது அந்தக் கிரீம் வேலை செய்யும் என்பதற்கு அரசு தந்த சான்றிதழ் அல்ல. இந்த நிறுவனம் இந்தப் பொருளை விற்கிறது, பாதுகாப்புக்கு அதுவே பொறுப்பு என்ற பதிவு மட்டுமே. எண்ணே இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம், வாங்காதீர்கள்.

கலப்படம் இல்லாத, பெயர் பெற்ற நிறுவனப் பொருள்களும் உங்கள் வயதுக்குப் பொருந்தாமல் போகலாம். ரெட்டினால், பழ அமிலம் சேர்ந்த முதுமைத் தடுப்பு சீரங்களைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பூசுவது பல நாடுகளில் தலைவலியாகிவிட்டது. சுவீடனில் ஒரு பெரிய மருந்தகக் குழுமம் 2024இல் இத்தகைய பொருள்களை 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. இல்லாத சுருக்கத்தை நீக்கப் போய், இருக்கும் தடுப்புச் சுவரை உரித்துக்கொள்வானேன்?

எதற்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம்?

விலையுயர்ந்தது எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. மணமில்லாத கிரீமுக்குச் சற்றுக் கூடுதல் விலை என்றாலும், தோல் எளிதில் அரிக்கும் ஒருவருக்கு அது தகும். மணப் பொருள்கள் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம். எக்சிமா உள்ளவருக்கு மருத்துவர் செராமைடு சேர்ந்த கிரீமைப் பரிந்துரைத்தால் அதை வாங்குங்கள். ஆனால் செராமைடு கிரீமும் இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. பிசுபிசுக்காத தன்மையை விரும்பி அதற்குப் பத்து ரிங்கிட் அதிகம் கொடுத்து, அதனால் தினமும் பூசுகிறீர்கள் என்றால் அந்தப் பத்து ரிங்கிட் வீணல்ல. என்னைக் கேட்டால், கையில் மிச்சப் பணம் இருப்பவர் அதைச் சூரியத் தடுப்புக் கிரீமில் போடலாம். திடலில் மதிய வெயிலில் பயிற்சி செய்யும் விளையாட்டாளர்களுக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன். முப்பதோ அதற்கு மேலோ காப்பு எண் உள்ளது எதுவானாலும் போதும், தாராளமாகப் பூச வேண்டும், வியர்த்தால் மறுபடி பூச வேண்டும்.

ஈரப்பதமூட்டியைப் பூசச் சிறந்த நேரம் குளித்த சில நிமிடங்களுக்குள். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோலில் இன்னும் ஈரம் இருக்கும்போதே பூசினால் அந்த நீரை மூடி வைத்துவிடலாம்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? வீட்டில் ஏற்கெனவே ஒரு விலையுயர்ந்த கிரீம் இருந்தால், அக்காவிடம் அனுமதி கேட்டு இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள். (கேட்காமல் எடுத்தால் அதன் விளைவுக்கு நான் பொறுப்பல்ல.) இன்னொன்று சாதாரண லோஷன். எக்சிமா, புண், ஒவ்வாமை உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

இரண்டையும் ஒரே மாதிரியான இரண்டு சின்னப் புட்டிகளில் போட்டு, ஒன்றில் சிவப்புப் புள்ளியும் மற்றதில் நீலப் புள்ளியும் வைக்கத் தம்பியிடமோ தங்கையிடமோ சொல்லுங்கள். எது எதில் என்று அவர்கள் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிடட்டும். தினமும் குளித்ததும் சிவப்பை வலது முழங்காலுக்குக் கீழும் நீலத்தை இடது முழங்காலுக்குக் கீழும், ஒவ்வொன்றும் இரண்டு விரல்நுனி அலகு பூசுங்கள். அளவு, நேரம், சோப்பு எல்லாம் இரண்டு காலுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தொடங்கும் நாளன்று பூசுவதற்கு முன்பும், ஏழு நாள் பூசி எட்டாம் நாள் காலை குளிப்பதற்கு முன்பும், ஒளிபுகும் பசைநாடாவை இரண்டு கால்களிலும் ஒரே இடத்தில் அழுத்தி எடுத்துக் கறுப்புத் தாளில் ஒட்டுங்கள். நாடாவில் வெள்ளையாகத் தெரிபவை உதிர்ந்த செதில்கள். தோல் ஆய்வாளர்களும் இதே போன்ற நாடாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். எந்த நாடாவில் செதில் குறைவு என்று, எந்தப் புட்டி எது என்று தெரியாத ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். அதைக் குறித்து வைத்த பிறகு உறையைப் பிரியுங்கள். அதுவரை தம்பி எவ்வளவு சைகை காட்டினாலும் பார்க்காதீர்கள்.